நடப்பது அவள், குதிப்பது நான்

ஜூன் 3, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. லேசான பக்கவாதம் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறார்கள். இடது கை என் பேச்சைக் கேட்பதில்லை. இடது கால் கேட்கிறது, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கிறது. வலது பக்கம் முழுவதும் நலம். கையெழுத்தில் நடுக்கம் இல்லை.

என் மனைவி இந்திராணி தேனியிலிருந்து வந்திருக்கிறாள். ஆறு வருடமாக அங்கே அக்கா வீட்டில் இருந்துகொண்டு தையல் வகுப்பு நடத்துகிறாள். ஏன் போனாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அப்போதே காரணத்தை எழுத்துமூலமாகத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தேன். பதில் இல்லை. இப்போது பஹ்ரைனிலிருந்து எங்கள் மகன் கௌதம் போன் செய்து கெஞ்சியதால் வந்திருக்கிறாள்.

"ரெண்டு வாரம் இருப்பேன். அதுக்குள்ள தேறிக்கங்க," என்றாள்.

பையை உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. வாசற்கதவுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். நடைபாதைக்கு இடைஞ்சல் என்று சுட்டிக்காட்டினேன். காலால் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

ஜூன் 5, புதன்

பிசியோதெரபி செய்ய ஜெனோவா என்ற பெண் வருகிறார். வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துகிறார்.

ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து இடது கையால் அழுத்தச் சொன்னார். மோட்டார் வாகன ஆய்வாளராக, அதாவது ஜனங்கள் சொல்கிற பிரேக் இன்ஸ்பெக்டராக, இந்தத் திண்டுக்கல்லிலேயே எத்தனையோ பேரை எட்டுப் போடச் சொல்லிப் பரிசோதித்தவன், சின்னப்பிள்ளைப் பந்தை வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்று விளக்கினேன்.

"சார், பந்து உங்களை டெஸ்ட் பண்ணல. நீங்கதான் பந்தை டெஸ்ட் பண்றீங்க," என்றார் ஜெனோவா.

அதில் நியாயம் இருந்தது. அழுத்தினேன். பந்து கொஞ்சமும் அமுங்கவில்லை. பந்து பாஸ்.

ஜூன் 9, ஞாயிறு

கௌதம் வீடியோவில் வந்தான். பந்து கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, என்னோட டிவி கேம் பரண் மேல கெடக்கும். அதை எடுத்து விளையாடுங்க. விரலுக்கு நல்லது," என்றான்.

இந்திராணி ஸ்டூல் போட்டு ஏறினாள். எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று கீழேயிருந்து சொன்னேன். பெட்டி இருந்தது. அதன் மேல் நான் வைத்த அரக்கு முத்திரையும் அப்படியே இருந்தது. 'பறிமுதல். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடியும் வரை' என்று அட்டை கட்டியிருந்தேன். தேர்வு முடிந்துதான் போயிற்று. ஆனால் விடுவிக்கக் கோரி யாரும் என்னை அணுகவில்லை.

"பாவம், புள்ள அதுக்கப்புறம் கேக்கவே இல்ல," என்றாள் இந்திராணி. காய் நறுக்கும் கத்தியால் முத்திரையை வெட்டினாள்.

ஒரே ஒரு கேசட். மேலே ஒட்டிய படம் கிழிந்துபோயிருக்கிறது. பழைய பெட்டி டிவியில் ஒயரைச் சொருகி, கேசட்டை ஊதிப் போட்டதும் பாட்டு வந்தது. மஞ்சள் சட்டை போட்ட குள்ளமான ஆள். கையில் குடை. குடையை எறிந்தால் எதிரியை அடித்துவிட்டுத் திரும்பி வருகிறது. ரிமோட்டை இரு கையாலும் பிடித்து, இடது கையால் நடக்க வைக்க வேண்டும். வலது கையால் குதிக்கவும் குடையை எறியவும் வேண்டும்.

மஞ்சள் சட்டை நின்றான். என் இடது கட்டைவிரல் பொத்தான் மேல் செத்த பல்லி மாதிரி கிடந்தது. ஒரு தவளை வந்தது. நின்ற இடத்திலேயே குதித்தேன். இறங்கும்போது தவளை மேல் இறங்கிச் செத்தேன். மறுபடி அதே தவளை. மறுபடி.

இந்திராணி பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். "எதுக்கு அதே எடத்துல நிக்கிறான்?"

"நடக்க வைக்க இடது கை வேண்டும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். ரிமோட்டின் அந்த முனையைப் பிடித்து அழுத்தினாள். மஞ்சள் சட்டை நடந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டதால் பள்ளத்தில் விழுந்தான்.

"குதிக்க வேணாமா?" என்றாள்.

"சொல்லாமல் கொள்ளாமல் நடந்தால் எப்படிக் குதிப்பது?"

ஜூன் 12, புதன்

ஒழுங்குமுறை வகுத்தாயிற்று. நடப்பது அவள். குதிப்பதும் எறிவதும் நான். பள்ளம் வந்தால் அவள் "குதிங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆபத்து வந்தால் நான் "நில்லு" என்பேன்.

அவள் நிற்பதில்லை. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் ஒரே வேகம். இந்த விளையாட்டில் பின்னால் போக வழியும் இல்லை. கடந்த இடத்தைத் திரை மூடிவிடுகிறது. அதனாலேயே நிதானம் வேண்டும் என்றேன்.

"நிதானமாப் போனா தவளை வந்துருது," என்றாள். அதுவும் உண்மைதான்.

எதற்காக அந்த ஆள் ஓடுகிறான் என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் வரும் எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாத மொழி.

"வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போறான் போல," என்றாள் இந்திராணி. குடையை மட்டும் எடுத்துக்கொண்டு யாரும் அப்படிப் போக மாட்டார்கள் என்றேன்.

"அவசரத்துல கெடைச்சதை எடுத்துருப்பான்."

ஜூன் 17, திங்கள்

இரண்டு வாரம் முடிந்தது. நான் நினைவூட்டவில்லை. மூன்றாம் கட்டத்தில் பனி. கால் வழுக்குகிறது.

ஜூன் 20, வியாழன்

இந்த விளையாட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது. அணைத்தால் முதலிலிருந்துதான். ஆகவே நான்காம் கட்டத்துக்கு வந்தபின் அணைப்பதே இல்லை. நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். மற்றபடி டிவி பார்ப்பதில்லை.

இன்று ஓய்வூதியர் சங்கத்திலிருந்து மூன்று பேர் நலம் விசாரிக்க வந்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். மஞ்சள் சட்டை அப்போது ஒரு பெரிய பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் இருந்தான். பால் பொங்கியதால் இந்திராணி அப்படியே நிறுத்திவிட்டு ஓடியிருந்தாள்.

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு டிவியைப் பார்த்தார்கள். பிறகு டிவியையே பார்த்தார்கள்.

"விழுந்துருவானா?" என்று சங்கத் தலைவர் தணிந்த குரலில் கேட்டார்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. சாயந்திரம்தான் தெரியும்," என்றாள் இந்திராணி காபியை நீட்டியபடி.

அதன்பின் மூவரும் மெதுவாகவே பேசினார்கள். போகும்போது செயலாளர் என் கையைப் பிடித்து, "நல்லபடியா எறங்கிருவாப்ல," என்றார். என் உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாயந்திரம் நல்லபடியாக இறங்கினான். செயலாளருக்குப் போன் செய்து தெரிவித்தேன்.

ஜூன் 22, சனி

டாக்டரிடம் காட்டப் போனோம். என் ஸ்கூட்டரை இந்திராணி ஓட்டினாள். நான் பின்னால். பஸ் ஸ்டாண்டு வளைவில் சிக்னல் விளக்குப் போடவில்லை. நாகல் நகர் அருகே ஒரு ஆட்டோவை இடது பக்கமாக முந்தினாள். உரிய நேரத்தில் இரண்டையும் சொன்னேன்.

அவளுக்கு லைசென்ஸ் தேனியில் கிடைத்தது. இங்கே எங்கள் அலுவலக மைதானத்திலும் ஒருமுறை வந்திருக்கிறாள், கௌதம் சின்னப் பையனாக இருந்தபோது. எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் கால் ஊன்றினாள். ஊன்றினால் ஃபெயில். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், வீட்டுக்காரிக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். அன்று மத்தியானம் வீட்டில் சமையல் நடக்கவில்லை என்பதைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை.

டாக்டர், கை பழைய நிலைக்குத் திரும்பும் என்றார். எப்போது என்று கேட்டேன். இந்திராணியும் அதே நேரத்தில் அதையே கேட்டாள்.

ஜூன் 26, புதன்

நாளை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கிறது. நாங்கள் ஆறாம் கட்டத்தில் இருக்கிறோம். மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"வேறு தேதிக்கு மாற்ற முடியுமா? ஒருவர் நடுவழியில் நிற்கிறார்," என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

"ஆக்சிஜன்ல இருக்காங்களா சார்?"

"இல்லை. பாலத்தில்."

போனில் இருந்தவர் பொறுமையானவர். ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்.

ஜூன் 27, வியாழன்

மைக்செட் கடையிலிருந்து ஜெனரேட்டர் வந்தது. கொண்டுவந்தவர், "எத்தனை டியூப்லைட்டு சார்? பந்தல் எங்கிட்டுப் போடுறீங்க?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு டிவி," என்றேன். உள்ளே வந்து எட்டிப்பார்த்தார். மஞ்சள் சட்டை பாலத்தில் நின்றிருந்தான். அவர் ஒன்றும் கேட்காமல் போய் ஒயரை இழுத்தார்.

சத்தத்தில் தெருவே எட்டிப்பார்த்தது. எதிர்வீட்டு அம்மாள் பட்டுப்புடவையில் வந்து நின்று, "என்ன விசேஷம், சொல்லவே இல்லையே?" என்றார். இந்திராணி சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. சத்தமே இல்லாமல் சிரித்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு அந்த அம்மாளை உட்கார வைத்து, இருந்த ரவையில் கேசரி கிளறிக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் வேட்டியை நானே கட்டிக்கொண்டேன். இறுக்கமாக நின்றது.

இடது கையில் முன்னேற்றம் இல்லை. ஏழாம் கட்டம்.

ஜூலை 3, புதன்

இந்திராணி குளித்துக்கொண்டிருந்தபோது ஊறுகாய் பாட்டில் திறக்க வராமல் இருந்தது. திறந்தேன். அவள் வருவதற்குள் மூடியும் வைத்தேன். பழையபடி இறுக்கமாகவே.

ஜெனோவா பந்தைக் கொடுத்தார். அமுங்கவில்லை.

"சார், போன வாரம் நல்லா அமுக்குனீங்களே."

"தற்செயலாக இருக்கும்."

"விரல் நடுங்குது சார். நீங்க அமுக்காம இருக்கறதுக்குப் பாடுபடுற மாதிரி இருக்கு."

பரிசோதனை செய்பவர் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது என்று சொன்னேன். இந்திராணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோய் மறுபடி கேட்டது.

ஜெனோவா இப்போது வண்டியைச் சரியாக நிறுத்துகிறார்.

ஜூலை 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் கடைசிக் கட்டத்துக்குப் போனோம். ஒரு பெரிய ஆந்தை. திரையில் பாதி அதுதான். சிறகை அடித்தால் மஞ்சள் சட்டை பின்னால் தள்ளப்படுகிறான். முன்னால் போய், குதித்து, அதன் நெற்றியில் குடையை எறிய வேண்டும். இருப்பதோ கடைசி உயிர்.

"குதிங்க," என்றாள். குதித்தேன். "நில்லு," என்றேன். நின்றாள். உண்மையிலேயே நின்றாள். இத்தனை நாளில் இவ்வளவு ஒழுங்காக நாங்கள் எதையும் செய்ததில்லை. ஆந்தை சிவப்பாக மாறிவிட்டது. இன்னும் ஓரிரண்டு அடி.

அப்போது அவள் போன் அடித்தது. தேனியிலிருந்து அவள் அக்கா. அக்காவுக்கு உடனே எடுக்காவிட்டால் பதற்றமாகிவிடும். இந்திராணி ரிமோட்டிலிருந்து கையை எடுத்தாள்.

மஞ்சள் சட்டை நிற்கவில்லை. நடந்தான். இரண்டு அடி பின்னால் தள்ளப்பட்டான், சிறகடி முடிந்ததும் மூன்று அடி முன்னால் வந்தான், குதித்தான், எறிந்தான். ஆந்தை உடைந்து நட்சத்திரமாகக் கொட்டியது. மஞ்சள் சட்டை குடையை விரித்து அதன் கீழ் உட்கார்ந்தான். எங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு வரி வந்தது. பிறகு முதல் கட்டம் மறுபடி ஆரம்பித்தது. அதே தவளை.

"அக்கா, அப்பறம் பேசுறேன்," என்றாள் இந்திராணி. போனை வைத்துவிட்டு என் இடது கையைப் பார்த்தாள். அது பொத்தான் மேல் இருந்தது.

"அனிச்சைச் செயல்," என்றேன்.

"அப்படியா?"

"டாக்டரைக் கேட்டால் தெரியும்."

"எனக்கு நீங்க வேட்டி கட்டுன அன்னைக்கே தெரியும்," என்றாள். "நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் பாத்தேன்."

தவளை வந்து மஞ்சள் சட்டையைத் தொட்டது. நாங்கள் இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலை பஸ்ஸில் தேனி போய்விட்டாள். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் போட்டுவைத்திருக்கிறாள். தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது.

வாசலில் அவள் என்னைப் பார்த்து நின்றாள். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாள் சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்றேன். வேறொன்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஜூலை 11, வியாழன்

விளையாட்டை வைத்தேன். இரண்டு கையும் வேலை செய்கின்றன. ஜெனோவா பார்த்துவிட்டு, இனி நான் வரத் தேவையில்லை சார் என்று சொல்லிப் போனார்.

முதல் பள்ளத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. இடது கை நடத்திக்கொண்டு போகிறது. வலது கை குதிக்காமல் காத்திருக்கிறது. யாராவது "குதிங்க" என்றால்தான் குதிக்கும் போலிருக்கிறது. நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிடுகிறான்.

ஜூலை 12, வெள்ளி

கௌதம் வீடியோவில் வந்தான். ஜெயித்ததைச் சொன்னேன். மற்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். பிறகு, "கை சரியாயிடுச்சுன்னு சொன்னா அம்மா போயிருவாங்கன்னு பயந்தீங்களாப்பா?" என்று கேட்டான்.

இணைப்புச் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். படம் தெளிவாகத்தான் இருந்தது.

ஜூலை 13, சனி

தேனியில் இருக்கிறேன்.

காலையில் டிவி கேமை ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. கண்டக்டர், "உள்ள என்ன சார், கோழியா?" என்றார்.

அக்கா வீட்டு மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படி ஏற நேரமாயிற்று. ஏறி நின்றதும் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எல்லோரும் என்னையும் கூடையையும் பார்த்தார்கள். இந்திராணி கழுத்தில் டேப்போடு, யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கைதான் சரியாப் போச்சுல்ல. இங்கிட்டு என்னத்துக்கு வந்தீங்க?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது முறையாகத் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று கருத்துகள். ஒன்றும் வரவில்லை.

"பதினஞ்சு நாளா சரியாத்தான் இருந்துச்சு," என்றேன். "சொன்னா நீ கெளம்பிருவ. அதான் சொல்லல."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஒரு பெண் தன் மிஷினை மறுபடி ஓட்டப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப மட்டும்?"

"நான் நடக்குறேன். நீ குதி."

"எனக்குக் குதிக்கத் தெரியாதே."

"தெரிய வேணாம்."

என்னையே பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, ஊகித்து எழுதவும் மாட்டேன். பிறகு வந்து என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டாள்.

"கீழ போய் உக்காருங்க. அக்காவுக்கு சீரியல் ஓடுது. முடியட்டும்."

கீழே வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். சீரியலில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைப்பாரா என்று அக்காவிடம் தணிந்த குரலில் கேட்டேன். இப்போது சொல்ல முடியாதாம்.

ஜூலை 14, ஞாயிறு

மழை. முதல் கட்டத்திலேயே இருக்கிறோம். பள்ளத்தைத் தாண்டிவிட்ட பிறகு குதிக்கிறாள். தவளையைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறாள். மத்தியானம் முழுவதும் செத்துக்கொண்டே இருந்தோம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.